தோல் பயாப்சி ஸ்லைடைப் படிப்பது எப்படி? நுண்ணோக்கி முன் புதிதாக உட்காருபவருக்கு

ஒவ்வோர் ஆண்டும் புதிய மாணவர்கள் எங்கள் துறைக்கு வரும்போது நான் முதலில் கவனிப்பது அவர்களுடைய கையைத்தான். ஸ்லைடை மேடையில் வைத்த மறுநொடியே கை 40 எக்ஸ் லென்ஸைத் தேடிப் போகிறது. கண்ணில் ஒரு செல் பெரிதாகத் தெரிந்ததும் வாயில் ஒரு நோயின் பெயர் வந்துவிடுகிறது. பெரும்பாலும் அது தவறான பெயராக இருக்கும். இதில் மாணவரின் அறிவுக்குக் குறைவில்லை. பார்க்கும் வரிசைதான் தலைகீழாக இருக்கிறது.

தொடங்கும்போதே ஒன்றை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். பாராகெரட்டோசிஸ், அகாந்தோசிஸ், ஸ்பாஞ்சியோசிஸ் என்று இத்துறையில் புழங்கும் சொற்கள் நோய்களின் பெயர்கள் அல்ல. அவை கண்ணில் பட்ட காட்சிகளின் பெயர்கள். 'மேகம் கறுத்திருக்கிறது' என்று சொல்வது வேறு, 'மழை வரும்' என்று சொல்வது வேறு. அறிக்கையில் 'அகாந்தோசிஸ்' என்ற சொல்லைப் பார்த்துவிட்டு, தனக்கு ஏதோ கொடிய நோய் வந்துவிட்டது என்று அழுத நோயாளிகளை நான் பார்த்திருக்கிறேன். மேல்தோல் தடித்திருக்கிறது என்பதைத் தவிர அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் கிடையாது. இதை மாணவரும் அறிந்திருக்க வேண்டும், அறிக்கையைக் கையில் வாங்குபவரும் அறிந்திருக்க வேண்டும்.

ஸ்லைடைத் தொடும் முன் படிவத்தைப் படியுங்கள்

பயாப்சியுடன் வரும் படிவத்தில் நான்கு விவரங்களைத் தேடுங்கள்: நோயாளியின் வயது, உடலின் எந்த இடத்திலிருந்து எடுத்த தோல், புண்ணோ படையோ எத்தனை நாளாக இருக்கிறது, அதன்மேல் என்ன மருந்து பூசினார். நான்கில் ஒன்று விடுபட்டிருந்தாலும் அனுப்பிய மருத்துவரைக் கேட்டு வாங்குங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

என் பயிற்சிக் காலத்தில் நடந்தது இது. படிவத்தில் உடலின் இடம் எழுதப்படவில்லை. ஸ்லைடில் மேலடுக்கு மிகத் தடிமனாக இருந்தது. 'கடுமையான ஹைப்பர்கெரட்டோசிஸ்' என்று எழுதி ஆசிரியரிடம் நீட்டினேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "முடிக்கால் எங்கேயாவது இருக்கிறதா?" தேடினேன், ஒன்றுகூட இல்லை. எண்ணெய்ச் சுரப்பியும் இல்லை. அது உள்ளங்கால் தோல். அந்தத் தடிமன் அங்கே இயல்பானது. நான் நோய் என்று எழுதியிருந்தது ஒரு மனிதர் செருப்பில்லாமல் நடந்து பெற்ற ஆரோக்கியமான பாதத்தை.

கொப்புள நோய் என்றால் இன்னொரு முன்னெச்சரிக்கை தேவை. இரண்டு துண்டுகள் வேண்டும். புதிய சிறு கொப்புளத்தின் விளிம்பிலிருந்து எடுத்த துண்டு ஃபார்மலினில் வரட்டும். கொப்புளத்தை ஒட்டிய நல்ல தோலிலிருந்து எடுக்கும் இரண்டாவது துண்டு, தோலில் படிந்த ஆன்டிபாடிகளை (எதிர்ப்புப் புரதங்களை) ஒளிரச் செய்து காட்டும் இம்யூனோஃப்ளூரசன்ஸ் சோதனைக்கு உரியது. அது மிஷல் திரவத்தில் வர வேண்டும், அல்லது ஒரு நாளுக்குள் வந்து சேருமானால் நார்மல் சலைனில். இந்த இரண்டாவது துண்டு ஃபார்மலினில் விழுந்துவிட்டால் சோதனை கைவிட்டுப் போயிற்று. நோயாளிக்கு மறுபடி ஊசி, மறுபடி வெட்டு. பயாப்சி எடுக்கும் அறையில் குப்பிகளின்மேல் பெரிய எழுத்தில் தாள் ஒட்டுவது சிறிய வேலைதான். அது ஒருவரின் வலியை மிச்சப்படுத்துகிறது.

உங்கள் கைக்கு வருவது வழக்கமாக 4 மில்லிமீட்டர் அகலமுள்ள ஓர் உருளைத் துண்டின் பக்கவாட்டு வெட்டு. மெழுகில் பதித்து, ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ 250இல் ஒரு பங்கு தடிமனுக்குச் சீவி, இரண்டு சாயங்களில் தோய்த்திருப்பார்கள். ஹீமடாக்ஸிலின் என்பது நடு அமெரிக்காவில் வளரும் ஒரு மரத்தின் வைரம் பாய்ந்த நடுக்கட்டையிலிருந்து எடுப்பது. அது உட்கருவை நீலமாக்கும். இயோசின் செயற்கைச் சாயம். அது செல்லின் உடலையும் நார்களையும் ரோஜா நிறமாக்கும். தொடக்கத்தில் இந்த இரண்டு நிறங்களைப் பிரித்தறிந்தாலே போதும்.

முதல் வாரம்: நோயே இல்லாத தோல்

இதைச் சொன்னால் மாணவர்கள் முகம் வாடும். ஆனாலும் வலியுறுத்துகிறேன். முதல் வாரம் முழுவதும் இயல்பான தோலை மட்டும் பாருங்கள். இமை, தலை, முதுகு, அக்குள், உள்ளங்கை என ஐந்து இடங்களின் ஸ்லைடுகளை அடுத்தடுத்து வைத்துப் பென்சிலால் வரைந்து பழகுங்கள். வரையாத கண் பார்ப்பதில்லை.

தோல் மூன்று தளங்கள் கொண்டது. மேலே செல்களால் ஆன மேல்தோல், அதன் கீழே நார்களால் ஆன உள்தோல், அடியில் கொழுப்பு. மேல்தோலில் இரத்தக் குழாய் கிடையாது. அதற்கு வேண்டிய ஊட்டமெல்லாம் கீழிருந்து கசிந்துதான் வர வேண்டும். இமையில் மேல்தோலின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. உள்ளங்காலில் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர். ஒரே உடலில் முப்பது மடங்கு வேறுபாடு. அதனால்தான் இடத்தைக் கேட்காமல் 'தடித்திருக்கிறது' என்று எழுதக் கூடாது என்கிறேன்.

மேல்தோலின் அடியடுக்கில் செல்கள் ஒற்றை வரிசையில் நெருக்கமாக நிற்கும். பிரிந்து பெருகும் செல்கள் இவை. அதற்கு மேலே முள்ளடுக்கு. 40 எக்ஸில் பார்த்தால் ஒரு செல்லுக்கும் அடுத்த செல்லுக்கும் இடையே மெல்லிய கோடுகள் முள் போலத் தெரியும். டெஸ்மோசோம் என்னும் இணைப்புகள் அவை. திசு சுருங்கும்போது செல்கள் விலகும், இணைப்புகள் மட்டும் விடாமல் பிடித்து நிற்கும். அந்தப் பிடிதான் முள்ளாகத் தெரிகிறது. இன்னும் மேலே குருணையடுக்கு. மைத்துளி தெளித்தாற்போலச் செல்லுக்குள் நீலக் குருணைகள் இருக்கும். உச்சியில் கொம்படுக்கு. இங்கே செல்கள் இறந்து, உட்கரு கரைந்து, கெரட்டின் தகடுகளாகிவிடுகின்றன. பெரும்பாலான இடங்களில் இது தளர்வான கூடைப் பின்னல் போலத் தெரியும். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் மட்டும் இறுகிய பாளமாக இருக்கும். அடியில் பிறந்த செல் உச்சிக்கு வந்து உதிர ஏறத்தாழ நான்கு வாரம் ஆகிறது.

மேல்தோலின் அடிப்பக்கம் நேர்கோடு அல்ல. ஆலமரத்து விழுதுகள் போல உள்தோலுக்குள் இறங்கியிருக்கும். புத்தகங்கள் இதை ரீட்டி ரிட்ஜ் என்கின்றன. நான் விழுது என்றே சொல்லிக்கொடுக்கிறேன். விழுதுகளுக்கு நடுவே உள்தோல் முகடுகளாக மேலேறும். விழுதின் வடிவத்தை நன்றாகப் பழகிக்கொள்ளுங்கள். பின்னால் பாதி நோய்களை அதுதான் காட்டிக்கொடுக்கப் போகிறது.

அடியடுக்கில் ஏறத்தாழ பத்துச் செல்லுக்கு ஒன்று வேறு மாதிரி இருக்கும். சுற்றிலும் வெளிறிய வளையம், நடுவில் சிறு கருமையான உட்கரு. அதுதான் மெலனோசைட், நிறமி செய்யும் செல். கறுத்த தோலிலும் வெளுத்த தோலிலும் இச்செல்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான். அவை செய்து அண்டைச் செல்களுக்குக் கொடுக்கும் நிறமிப் பொட்டலங்களின் அளவும் பரவலும்தான் வேறு. மனிதரை மனிதர் இழிவுபடுத்தக் காரணமாகச் சொல்லிக்கொண்ட வேறுபாடு நுண்ணோக்கியின் கீழே இவ்வளவுதான்.

முள்ளடுக்கில் லாங்கர்ஹான்ஸ் செல் என்னும் இன்னொரு வகையும் உண்டு, சாதாரணச் சாயத்தில் எளிதில் தெரியாது. 1868இல் பெர்லினில் மருத்துவ மாணவராக இருந்த பால் லாங்கர்ஹான்ஸ் தங்கக் குளோரைடு சாயத்தில் அவற்றைக் கண்டார். கிளைகள் இருந்ததால் நரம்புச் செல் என்று எண்ணினார். அவை நோய் எதிர்ப்பின் காவல் செல்கள் என்பது பிற்காலத்தில்தான் தெரிந்தது. இங்கே ஓர் எச்சரிக்கை. காசநோய்க் கட்டியில் உட்கருக்கள் குதிரை லாடம் போல வளைந்து நிற்கும் ராட்சதச் செல்லுக்குப் பெயர் லாங்ஹான்ஸ். இருவரும் வெவ்வேறு மனிதர்கள், செல்களும் வெவ்வேறு. தேர்வுத் தாள்களில் இந்தக் குழப்பம் ஓயாமல் வருகிறது.

உள்தோலில் மேற்பகுதி மென்மையான நார்களாலும் கீழ்ப்பகுதி தடித்த கொலாஜன் கற்றைகளாலும் ஆனது. முடிக்கால், எண்ணெய்ச் சுரப்பி, வியர்வைச் சுரப்பி, மயிர்க்கூச்செறிய வைக்கும் சிறு தசை, இரத்தக் குழாய், நரம்பு எல்லாம் இங்கேதான். மேலோட்டமான இரத்தக் குழாய்களைச் சுற்றி லிம்போசைட் என்னும் வெள்ளையணுக்கள் இரண்டொன்று நிற்பது இயல்பு, அதை அழற்சி என்று எழுதிவிடாதீர்கள். முகத்தில் எண்ணெய்ச் சுரப்பிகள் பெரியவை. தலையில் முடியின் வேர் கொழுப்பு வரை இறங்கும். முதுகில் உள்தோல் மிகவும் தடிமன். உள்ளங்கையின் ஆழத்தில் வெங்காயத்தைக் குறுக்கே நறுக்கியது போல ஓர் உருண்டை தென்படும். புதியவர்கள் அதைப் புழு என்று நினைத்து ஓடிவருவார்கள். அது பாசினி உறுப்பு, அழுத்தத்தையும் அதிர்வையும் உணரும் நரம்பு முனை.

சொற்களைப் பிரித்துப் படியுங்கள்

இத்துறைச் சொற்கள் கிரேக்கத்திலிருந்து கட்டியவை. 'கெரட்' என்றால் கொம்பு, 'அகாந்த்' என்றால் முள், 'லைசிஸ்' என்றால் அவிழ்தல், 'ஹைப்பர்' என்றால் மிகை, 'ஆர்த்தோ' என்றால் நேர், 'டிஸ்' என்றால் கோளாறு. இவற்றைத் தெரிந்துகொண்டால் மனப்பாடம் குறையும். ஹைப்பர்கெரட்டோசிஸ் என்றால் கொம்படுக்கு மிகுந்திருக்கிறது. அகாந்தோசிஸ் என்றால் முள்ளடுக்கு தடித்திருக்கிறது. அகாந்தோலைசிஸ் என்றால் முட்கள் அவிழ்ந்துவிட்டன. கடைசி இரண்டும் காதுக்கு ஒன்று போல ஒலித்தாலும் ஒன்று சாதாரணத் தடிப்பு, மற்றொன்று உயிருக்கே ஆபத்தான கொப்புள நோயின் அடையாளமாகவும் இருக்கலாம். எழுதும்போது எழுத்து மாறிவிடக் கூடாது.

இனி மாடி மாடியாக இறங்குங்கள்

4 எக்ஸ் லென்ஸிலேயே தொடங்குங்கள். இந்த உருப்பெருக்கத்தில் செல்கள் தெரியாது, நீலக் கூட்டங்கள் எங்கே குவிந்திருக்கின்றன என்பது தெரியும். மேலோட்டமான குழாய்களைச் சுற்றி மட்டுமா, ஆழத்திலுமா? மேல்தோலின் அடியில் பட்டை போலவா? உருண்டைகளாகவா? கொழுப்பிலா? கொழுப்பென்றால் கொழுப்புருண்டைகளுக்கு இடையிலுள்ள சுவர்களிலா, உருண்டைகளுக்குள்ளேயா? 1970களின் இறுதியில் நியூயார்க்கின் பெர்னார்ட் அக்கர்மன் இந்த முறையைத்தான் வற்புறுத்தினார்: முதலில் வடிவம், பிறகு செல். இன்றும் இதைவிடச் சிறந்த தொடக்கம் எனக்குத் தெரியாது.

வடிவம் பிடிபட்டதும் 10 எக்ஸுக்கு மாறி, உச்சியிலிருந்து ஒவ்வோர் அடுக்காக இறங்குங்கள்.

கொம்படுக்கில் உட்கருக்கள் தெரிகின்றனவா என்று முதலில் பாருங்கள். இயல்பில் அங்கே உட்கரு இருக்காது. தட்டையான நீலக் கோடுகளாக உட்கருக்கள் தங்கியிருந்தால் அது பாராகெரட்டோசிஸ். செல்கள் முதிர்வதற்குள் மேலே தள்ளப்பட்டுவிட்டன என்று பொருள். வாயின் உட்புறத்தில் இது இயல்பு, தோலில் அல்ல. அடுத்து, கொம்படுக்கில் நியூட்ரோஃபில் என்னும் வெள்ளையணுக்கள் இருக்கின்றனவா? இருந்தால் சோரியாசிஸ் நினைவுக்கு வரும். ஆனால் அதற்கு முன்னால் படர்தாமரை நினைவுக்கு வர வேண்டும். உடனே பி.ஏ.எஸ். சாயம் கேளுங்கள், பூஞ்சை இழைகள் சிவந்த ஊதா நிறத்தில் தெரியும். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? இன்று மருந்துக் கடையில் சீட்டில்லாமல் வாங்கிய ஸ்டீராய்டு கலந்த களிம்பைப் பூசிப் பூசி, உருமாறிய படர்தாமரையோடு வருபவர்கள் ஏராளம். வெளித்தோற்றம் பூஞ்சை போலவே இருக்காது. கொம்படுக்கைப் பொறுமையாகப் பார்க்கும் கண் ஒன்றுதான் அவர்களைக் காப்பாற்றும்.

குருணையடுக்கில் ஒரே கேள்விதான். கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா? சோரியாசிஸில் அது காணாமல் போகும். அரிக்கும் தோல் அழற்சியான லைக்கன் பிளானஸில் ஆப்பு வடிவில் ஆங்காங்கே தடிக்கும்.

முள்ளடுக்கில் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே இரண்டு காட்சிகளைப் பிரித்தறிவதுதான் புதியவரின் முதல் சோதனை.

ஸ்பாஞ்சியோசிஸில் செல்களுக்கு இடையே நீர் புகுந்திருக்கும். செல்கள் விலகும், ஆனால் டெஸ்மோசோம் பிடி விடுவதில்லை. ஆகவே முட்கள் நீண்டு, ஏணிப்படிகள் போலத் தெளிவாகத் தெரியும். செல்களும் இழுபட்டு நட்சத்திரம் போலாகும். நீர் மிகுந்தால் பிடி அறுந்து, மேல்தோலுக்குள்ளேயே சிறு கொப்புளம் உண்டாகும். எக்ஸிமாவின் அடிப்படைக் காட்சி இது. சிமெண்ட் வேலை செய்பவரின் கையிலும், பார்த்தீனியச் செடியால் ஒவ்வாமை வந்த விவசாயியின் கழுத்திலும் நாம் இதைத்தான் பார்க்கிறோம்.

அகாந்தோலைசிஸில் பிடியே அவிழ்ந்துவிடும். செங்கல் சுவரில் சாந்து கரைந்தால் என்ன ஆகும்? செங்கற்கள் தனித்தனியே உதிரும். அப்படியே செல்கள் தனித்து, மூலைகள் மழுங்கி, உருண்டையாகிக் கொப்புள நீரில் மிதக்கும். பெம்ஃபிகஸ் வல்காரிஸில் அடியடுக்குச் செல்கள் மட்டும் தரையைப் பற்றிக்கொண்டு நிற்க, அவற்றுக்கு மேலேயுள்ளவை பெயர்ந்துவிடுகின்றன. வெற்றிடத்தின் கீழே வரிசையாக நிற்கும் அந்தச் செல்களைப் பார்த்தால் ஊர் எல்லையில் நட்ட நடுகற்கள் நினைவுக்கு வரும். உடலே தன் டெஸ்மோகிளீன் 3 என்னும் ஒட்டுப்புரதத்திற்கு எதிராக ஆன்டிபாடி செய்துகொள்வதால் வருவது இது. இம்யூனோஃப்ளூரசன்ஸில் ஒவ்வொரு செல்லின் விளிம்பும் ஒளிர்ந்து மீன்வலை விரித்தாற்போல இருக்கும். பிளவு குருணையடுக்கின் உயரத்தில் இருந்தால் பெம்ஃபிகஸ் ஃபோலியேசியஸ். அதில் தாக்கப்படுவது டெஸ்மோகிளீன் 1. வியப்பு என்னவென்றால், சில ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமிகளின் நச்சும் அதே டெஸ்மோகிளீன் 1ஐத்தான் அறுக்கிறது. குழந்தைகளுக்கு வரும் கொப்புளச் சிரங்கு அப்படி உண்டாவதுதான்.

பிளவு மேல்தோலுக்கு முழுவதும் கீழே இருந்து, குழிக்குள் இயோசினோஃபில் என்னும் வெள்ளையணுக்கள் நிறைந்திருந்தால் புல்லஸ் பெம்ஃபிகாய்டை நினையுங்கள். இங்கே ஒளிர்வது மீன்வலை அல்ல, அடிச்சவ்வு நெடுகிலும் ஒரே நேர்க்கோடு. இவை இரண்டும் வேறு வேறு நோய்கள் என்று 1953இல் வால்டர் லீவர் பிரித்துக் காட்டினார். அவருக்கு இருந்த ஆதாரம் நுண்ணோக்கியில் தெரிந்த பிளவின் உயரமும் நோயின் போக்கும்தான். ஆன்டிபாடிகள் கண்டறியப்பட்டது பத்தாண்டு கழித்து, 1960களில்.

விழுதுகளுக்கு வாருங்கள். சோரியாசிஸில் எல்லா விழுதுகளும் ஏறத்தாழ ஒரே நீளத்தில் இறங்கும். முனைகள் உலக்கை போலத் தடித்திருக்கும். முகடுகளின் தலைக்கு மேலுள்ள தோல் மட்டும் மெலிந்து, அதற்கு நேர் கீழே விரிந்து நெளிந்த தந்துகிகள் இருக்கும். செதிலை உரித்தால் புள்ளி புள்ளியாக இரத்தம் கசிவது இதனால்தான். வெளியே அவுஸ்பிட்ஸ் அடையாளம் என்று சொல்வதன் உள்காரணத்தை இங்கே நேரில் காணலாம். கொம்படுக்கில் நியூட்ரோஃபில்கள் சேர்ந்த சிறு கூட்டத்துக்கு மன்ரோ நுண்சீழ் என்று பெயர். லைக்கன் பிளானஸில் விழுதுகள் ரம்பப் பல் போலக் கூராகும். அதன் அடியில் லிம்போசைட்டுகள் பட்டையாக அப்பியிருக்கும். அடியடுக்குச் செல்கள் தாக்கப்பட்டு, சில இளஞ்சிவப்பு உருண்டைகளாக மடிந்து கிடக்கும். சிவாட் உருண்டைகள் என்பது அவற்றின் பெயர்.

அடியடுக்கு சிதையும்போது அதிலிருந்த நிறமி கீழே உள்தோலில் கொட்டிவிடுகிறது. மேக்ரோஃபேஜ் செல்கள் அதை விழுங்கி, பழுப்புப் பொடியைச் சுமந்தபடி அங்கேயே தங்கிவிடுகின்றன. நிறமிக் கசிவு என்று அறிக்கையில் எழுதுவது இதைத்தான். நம்மைப் போன்ற மாநிறத்தவருக்கும் கறுத்த தோலினருக்கும் இந்த வரி மிக முக்கியமானது. அரிப்பு நின்ற பிறகும் கறுத்த தடம் மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் தங்குவதற்குக் காரணம் இதுவே. நிறமி இருப்பது ஆழத்தில். மேலே பூசும் வெளுப்பாக்கும் களிம்பு அங்கே போய்ச் சேர்வதில்லை.

உள்தோலில் இரண்டை மட்டும் இப்போது தெரிந்துகொள்ளுங்கள். ஒன்று கிரானுலோமா: மேக்ரோஃபேஜ்கள் உருமாறி நெருங்கி உருண்டையாகக் கூடியிருப்பது. காசநோய், தொழுநோய், சார்காய்டோசிஸ், சில பூஞ்சைகள், உள்ளே தங்கிய முள் என்று காரணங்கள் பல. இன்னொன்று இரத்தக் குழாய் அழற்சி. குழாய்ச் சுவரில் பளிச்சென்ற சிவப்பில் ஃபைப்ரின் என்னும் இரத்த உறைவு நார், சுற்றிலும் நியூட்ரோஃபில்களின் உட்கரு உடைந்த நீலத் தூசி, வெளியே சிந்திய சிவப்பணுக்கள். தோன்றி ஒன்றிரண்டு நாளுக்குள்ளான புள்ளியிலிருந்து எடுத்தால்தான் இக்காட்சி தெளிவாகக் கிடைக்கும். நாள் கடந்தால் நியூட்ரோஃபில்கள் போய் லிம்போசைட்டுகள் வந்துவிடும்.

ஒரு தேமலை முழுவதும் படித்துப் பார்ப்போம்

ஒரு பள்ளிச் சிறுவனின் கன்னத்தில் வெளிறிய ஒரு திட்டு. வீட்டார் வயிற்றில் பூச்சி என்று நினைத்து மருந்து கொடுத்துப் பார்த்திருந்தார்கள். திட்டின் மேல் உணர்ச்சி இருந்தது. முகத்தில் நரம்புகள் அடர்த்தி என்பதால் அங்கே உணர்ச்சி எளிதில் போவதில்லை, ஆகவே அது மட்டும் போதிய சான்று ஆகாது. தோல் மருத்துவர் தொழுநோயோ என்ற ஐயத்தில் பயாப்சி அனுப்பியிருந்தார்.

4 எக்ஸில் ஏறத்தாழ இயல்பான தோல்தான் தெரிந்தது. ஆழத்தில் இரண்டு மூன்று இடங்களில் மெல்லிய நீலக் கூட்டம், அவ்வளவுதான். அவசரப்பட்டால் 'குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை' என்று எழுதி முடித்திருக்கலாம்.

வரிசைப்படி இறங்கினேன். கொம்படுக்கில் பூஞ்சை இருக்கிறதா? பரவலாகக் காணும் தேமல் பூஞ்சையானால் சேமியாத் துண்டும் கடுகும் கொட்டினாற்போல இழையும் வித்தும் சேர்ந்து தெரிய வேண்டும். பி.ஏ.எஸ். சாயத்திலும் இல்லை. முள்ளடுக்கில் ஸ்பாஞ்சியோசிஸ் இல்லை, எனவே எக்ஸிமா வகை வெளிறலுக்கும் ஆதரவில்லை. அடியடுக்கில் நிறமி குறைந்திருந்தது, ஆனால் மெலனோசைட்டுகள் இருந்தன. வெண்புள்ளியில் அவை மறைந்துபோயிருக்கும்.

இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். வெண்புள்ளியை 'வெண்குஷ்டம்' என்று சொல்லும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. அந்தச் சொல் எத்தனை பேரின் திருமணத்தையும் வேலையையும் கெடுத்திருக்கிறது! வெண்புள்ளியில் நிறமிச் செல்கள் போய்விடுகின்றன, கிருமியே கிடையாது, தொற்றாது. குஷ்டம் எனப்படும் தொழுநோயில் நரம்பைக் கிருமி தாக்குகிறது, அதற்கும் முழுமையாகக் குணப்படுத்தும் மருந்து இருக்கிறது. நுண்ணோக்கியின் கீழே இரண்டுக்கும் எந்த உறவும் இல்லை. அறிக்கையிலும் பேச்சிலும் வெண்புள்ளி என்றே சொல்லுங்கள்.

சிறுவனின் ஸ்லைடுக்குத் திரும்புகிறேன். உள்தோலில் லிம்போசைட்டுகள் ஒரு முடிக்காலையும் ஒரு வியர்வைச் சுரப்பியையும் ஒட்டி நின்றன. இது பல நோய்களில் வரக்கூடியது. நான் தேடியது நரம்பு. அந்த வெட்டில் நரம்பே அகப்படவில்லை. அப்படியானால் நரம்பில் நோய் இல்லை என்று முடிவு கட்டலாகாது, மெழுகுக் கட்டியில் இன்னும் திசு இருக்கிறது. ஆழமான வெட்டுகள் கேட்டேன். புதியவர்கள் இதைக் கேட்கத் தயங்குகிறார்கள். தயங்க வேண்டாம், தொழில்நுட்பருக்கு அரை மணி நேர வேலை.

ஏழாவது வெட்டில் ஒரு சிறு நரம்பு கிடைத்தது. இயல்பான நரம்பு என்றால் அலை அலையாக நெளிந்த இளஞ்சிவப்பு இழைகளும் மெல்லிய நீண்ட உட்கருக்களும் மட்டும் இருக்கும். இந்த நரம்பின் உறைக்குள்ளே லிம்போசைட்டுகள் புகுந்திருந்தன.

அடுத்து, தொழுநோய்க் கிருமியைச் சிவப்பாகக் காட்டும் ஃபைட்-ஃபராக்கோ சாயம். தொழுநோய்க் கிருமியின் மெழுகு உறை மென்மையானது. வழக்கமான முறையில் ஸைலீன் ஊற்றி மெழுகை அகற்றினால் கிருமியின் உறையும் பாதிக்கப்பட்டு, சாயம் நிற்காமல் போகலாம். அதற்காக ஸைலீனோடு கடலை எண்ணெய் கலக்கிறார்கள். நம் சமையலறைக் கடலை எண்ணெய்தான். அது உறையைக் காத்துக்கொடுக்கிறது. 100 எக்ஸ் லென்ஸில், எண்ணெய்த் துளி வைத்து, நரம்பை மட்டும் இருபது நிமிடம் பார்த்தேன். இரண்டே இரண்டு சிவப்புக் குச்சிகள், நரம்புக்கு உள்ளே.

1873இல் நார்வேயின் பெர்கனில் அர்மவுர் ஹான்சன் கண்ட அதே கிருமி. செயற்கை ஊடகத்தில் இன்றுவரை வளர்க்க முடியாத கிருமி. எனவே கண்தான் இங்கே பெரிய கருவி. எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களின் தோலில் இது பீடிக்கட்டுப் போலக் கற்றை கற்றையாக நுரைத்த மேக்ரோஃபேஜ்களுக்குள் நிறைந்திருக்கும். மேல்தோலுக்கும் அந்தக் கூட்டத்துக்கும் நடுவே நோய் தொடாத ஒரு வெளிறிய பட்டையும் இருக்கும். கிரென்ஸ் என்று அதற்குப் பெயர், ஜெர்மன் மொழியில் எல்லை. எதிர்ப்பாற்றல் வலுவாக உள்ளவர்களிடம் கிருமி அரிதாகவே தென்படும். கிரானுலோமாக்கள் நரம்பின் போக்கிலேயே நீண்டு, நரம்பைத் தின்றுகொண்டு போகும். இந்த இரு முனைகளுக்கு நடுவிலுள்ள படிநிலைகளை 1960களில் ரிட்லியும் ஜாப்ளிங்கும் வகுத்தார்கள். செங்கல்பட்டை அடுத்த திருமணியிலும் வேலூரை அடுத்த கரிகிரியிலும் உள்ள தொழுநோய் மையங்களில் பல தலைமுறை மருத்துவர்கள் இந்த ஸ்லைடுகளைப் பார்த்துத்தான் பழகினார்கள். இச்சிறுவனுடையது எந்த முனைக்கும் போகாத தொடக்க நிலை.

அறிக்கையை எழுதும்போது ஒரு ஒழுங்கு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கண்டது, பிறகு அதிலிருந்து கருதுவது. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கலக்காதீர்கள். நான் எழுதியது இது: 'மேல்தோல் அமைப்பில் மாற்றமில்லை. அடியடுக்கில் மெலனின் குறைவு, மெலனோசைட்டுகள் உள்ளன. பூஞ்சை இல்லை. உள்தோலில் முடிக்கால், வியர்வைச் சுரப்பி ஆகியவற்றைச் சுற்றி மிதமான லிம்போசைட்டுகள். ஆழமான வெட்டுகளில் நரம்புக்குள் லிம்போசைட்டுகள். ஃபைட்-ஃபராக்கோ சாயத்தில் நரம்புக்குள் அமிலம் தாங்கும் கிருமிகள், இரண்டு. கருத்து: தொழுநோய், இன்டிடெர்மினேட் நிலை.'

இத்தகைய முடிவை அறிக்கையாக மட்டும் அனுப்பிவிட்டு இருந்துவிடாதீர்கள். அன்று மாலையே தோல் மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்தேன். அவர் முதலில் கேட்டது, "நரம்பைப் பார்த்தீர்களா, உறுதியா?" என்பது. ஸ்லைடை மேடையிலேயே வைத்திருந்தேன், வந்து பார்க்கச் சொன்னேன். மறுநாள் காலை அவர் வந்து, 100 எக்ஸில் அந்த இரண்டு குச்சிகளையும் தாமே பார்த்தார். சிறுவனுக்கு அந்த வாரமே கூட்டுமருந்து தொடங்கியது.